169.254 என்று வந்தால்: வைஃபை முகவரி கிடைக்காத கணினியைச் சரிசெய்யும் முறை



நம் அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி மையத்தில் சில மாதங்களாக ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்து நேரத்தையும் பணத்தையும் தின்றுகொண்டிருந்தது. கணினி வைஃபையில் இணைந்துவிட்டதாகக் காட்டும். சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. "நோ இன்டர்நெட்" என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கும். இதே கோளாறு நம் வீடுகளிலும் கடைகளிலும் அன்றாடம் நடப்பதுதான். பெரும்பாலும் ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது. அது தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இந்த இதழில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு மாணவர்கள் சான்றிதழ்களோடு வந்து காத்திருந்தார்கள். மையத்தில் எட்டுக் கணினிகள் உண்டு. காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்த மூன்று நன்றாக வேலை செய்தன. மூன்று மணிக்கு மேல் போட்ட ஐந்தும் வைஃபையில் இணைந்தும் இணையம் இல்லாமல் நின்றன. இதற்கு முன்பும் இப்படி ஆனபோது வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். ஐந்து கணினிகளிலும் வைஃபை அடாப்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். முதலில் இரண்டு மட்டும், ஒன்று 650 ரூபாய் என வாங்கிப் போட்டோம். மறுநாள் வேலை செய்தன. சரியாகிவிட்டது என்று நம்பினோம். அந்த வெள்ளிக்கிழமை புது அடாப்டர் போட்ட இரண்டுமே மற்ற மூன்றோடு சேர்ந்து நின்றுவிட்டன.

இருந்த மூன்று கணினிகளில் வரிசை போட்டோம். எண்ணூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு மாணவி நாலரை மணிவரை காத்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஐந்தரை மணிக்குத்தான் ஒருவருக்கு, செல்போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. கொடுத்ததும் அந்த ஐந்து கணினிகளும் உடனே இணையத்தில் வந்தன. அந்தப் பிள்ளை கொடுத்திருந்த எண் அவருடைய அத்தாவின் எண். அவர் கண்டெய்னர் யார்டில் ஷிப்டில் இருந்தார். போன் எடுக்கவில்லை. இரவு பன்னிரண்டு மணியோடு விண்ணப்பம் மூடிவிட்டது.

அறக்கட்டளைப் பணம் அமானிதம். தேவையில்லாத அடாப்டருக்கு 1,300 ரூபாய் கொடுத்தோம் என்பது ஒரு உறுத்தல். அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு உதவித்தொகை போனது அதைவிடப் பெரிய உறுத்தல். ஹாட்ஸ்பாட்டில் ஐந்தும் வேலை செய்தன என்றாலே அடாப்டர்களில் பழுதில்லை என்றுதானே பொருள்? அதை அன்று காலையே சோதித்திருக்கலாம்.

முகவரியை யார் தருகிறார்?

ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துறைமுகத்துக்கு வரும் கப்பல் நேராக உள்ளே வந்து நினைத்த இடத்தில் நின்றுவிட முடியாது. வெளியே நங்கூரமிட்டு நின்று, ரேடியோவில் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட வேண்டும். எந்தத் தளத்தில், எப்போது, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் உள்ளே வர முடியும். தளம் காலியில்லை என்றால் கப்பலில் எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் அது வெளியேதான் நிற்கும்.

வைஃபையில் அந்தக் கட்டுப்பாட்டு அறை, உங்கள் ரவுட்டருக்குள்ளே ஓடும் ஒரு சிறிய வசதி. அதன் பெயர் டி.எச்.சி.பி. கணினி வைஃபையில் இணைந்ததும், "இங்கே முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கூவும். ரவுட்டர், "இந்த எண் காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கும். கணினி, "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்னும். ரவுட்டர், "சரி, இத்தனை மணி நேரத்துக்கு அது உன்னுடையது" என்று உறுதி செய்யும். இந்த நாலு பேச்சும் ஒரு நொடி இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த எண்தான் ஐ.பி. முகவரி. வீடுகளில் இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பக்கத்து வீட்டுக் கணினிக்கும் உங்கள் கணினிக்கும் ஒரே எண் இருக்கலாம். தவறில்லை. இவை வீட்டுக்குள் புழங்குவதற்கென ஒதுக்கப்பட்ட எண்கள்.

1993-க்கு முன்பு பல அலுவலகங்களில் இந்த எண்களை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு கணினியிலும் கையால் போட்டார். இரண்டு கணினிக்கு ஒரே எண் போய்விட்டால் இரண்டுக்குமே தகராறு. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. விதிமுறை வெளியானது. இன்று நாம் பயன்படுத்துவது 1997-ல் திருத்தப்பட்ட வடிவம்.

கவனிக்க வேண்டியது, இந்த முகவரி சொந்தமாகத் தரப்படுவதில்லை, குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்குத் தரப்படுகிறது என்பதுதான். வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி தானாகவே ரவுட்டரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். எங்கள் கோளாறின் முடிச்சு இந்த வாடகையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், பணம் செலவழிப்பதற்கு முன், கணினிக்கு இப்போது என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் தேடல் பெட்டியில் சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்பதை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழ், ஐபிவி4 அட்ரஸ் என்ற வரிக்கு நேராக எண் இருக்கும். கறுப்புத் திரை பயமாக இருந்தால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்டீஸிலும் இதையே பார்க்கலாம்.

எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். கூவிக் கூவிப் பார்த்துப் பதில் வராத கணினி தானே ஒரு எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. இதே நிலையில் இருக்கும் பக்கத்துக் கணினியோடு மட்டும் அது பேச முடியும். வெளியே போக முடியாது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. முகவரி வரியே ஐபிவி4 அட்ரஸ் என்றில்லாமல் ஆட்டோகான்ஃபிகரேஷன் என்ற சொல்லோடு வந்தாலும் இதே பொருள்தான்.

எண் 192.168 என்று சரியாக இருந்தும் இணையம் இல்லை என்றால் அது வேறு நோய். கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே எல்லாம் சரியாக இருக்கிறது. ரவுட்டருக்கு அப்பால்தான் சிக்கல் இருக்க அதிக வாய்ப்பு. ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை. இணைப்புத் தருபவரைத்தான் அழைக்க வேண்டும். நம் பகுதியில் கடல் உப்புக் காற்றுக்கு, வெளிச்சுவரில் ஓடும் பழைய செம்பு ஒயர்களின் முனைகள் பச்சை பூத்துப்போவதும் வாடிக்கை. இந்த நிலையில் கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

இன்னொன்று. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியபோது கிடைத்த பழைய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். முகவரி சரியாக இருந்தும் வங்கி, அரசு இணையதளங்கள் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள். வைஃபையைத் திட்டாதீர்கள்.

ஒன்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?

169.254 வந்திருக்கிறது என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, அதே வைஃபையில் செல்போனோ வேறு கணினியோ வேலை செய்கிறதா என்பது. ஏற்கெனவே இணைந்திருக்கும் போனை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது முன்பே முகவரி வாங்கி வைத்திருக்கலாம். அன்று எங்களை ஏமாற்றியது இதுதான். மூன்று கணினிகள் ஓடியதால் ரவுட்டர் நன்றாக இருக்கிறது, மற்ற ஐந்தும்தான் பழுது என்று நினைத்தோம். இதுவரை இணையாத ஒரு போனைப் புதிதாக இணைத்துப் பாருங்கள். அதுவும் தடுமாறினால் கோளாறு ரவுட்டர் பக்கம்.

அடுத்து, சந்தேகப்படும் கணினியை ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். முகவரி கிடைத்து இணையம் வந்தால் கணினியின் வைஃபை அடாப்டர் நலமாக இருக்கிறது. இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். அவசர வேலை இருந்தால் அதே ஹாட்ஸ்பாட்டிலேயே வேலையை முடித்துக்கொண்டு, பழுதைப் பிறகு பார்க்கலாம். விண்ணப்பப் பக்கங்களுக்கு டேட்டா அதிகம் செலவாகாது.

ஒரு கணினிக்கு மட்டும் வராவிட்டால்

மின்சாரம் போய் வந்த உடனே இது நடந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ரவுட்டர் எழுந்து வேலை தொடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். லேப்டாப் அதற்கு முன்பே கூவிப் பார்த்துவிட்டுத் தானே எண் சூட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும். காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும்.

அதில் சரியாகாவிட்டால் அந்த வைஃபையின் பெயரைத் தேர்ந்து, ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டை மறுபடி தட்டி இணையுங்கள். பிறகு கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ரிலீஸ் என்ற சொல்லைத் தட்டுங்கள். பழைய முகவரி இருந்தால் விட்டுவிடும். அதேபோல் ரிலீஸுக்குப் பதில் ரினியூ என்று கொடுத்தால் புதிதாகக் கேட்கும். ரினியூ கொடுத்து ஒரு நிமிடம் கழித்து, டி.எச்.சி.பி. சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற வகையில் செய்தி வந்தால், கேட்டும் பதில் வரவில்லை என்பது உறுதி.

பதில் வராததற்குச் சிக்னல் பலவீனமும் காரணமாகலாம். கோடுகள் ஒன்றிரண்டு காட்டினாலும் அந்த நாலு பேச்சில் ஒன்று வழியில் தொலைந்தால் முகவரி வராது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளின் தடிமனான சுவர்கள் சிக்னலை விழுங்கிவிடும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரவுட்டர் பக்கத்தில் போய் ஒருமுறை முயன்று பாருங்கள். மேசைக் கணினியில் பின்பக்கம் செருகிய யு.எஸ்.பி. அடாப்டர் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிறு நீட்டிப்பு ஒயர் போட்டு மேசை மேல் வையுங்கள். நீல நிற யு.எஸ்.பி. 3 துளைகளில் ஓடும் தகவலே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இரைச்சலாகும் என்பது தெரிந்த விஷயம். அடாப்டரைக் கறுப்புத் துளைக்கு மாற்றியே சரியான கணினி ஒன்று எங்கள் மையத்தில் உண்டு.

அதுவும் இல்லையென்றால், யாராவது முன்பு கையால் முகவரி போட்டுவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைஃபை ப்ராப்பர்டீஸில் ஐ.பி. அசைன்மென்ட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் டி.எச்.சி.பி. என்று இருக்க வேண்டும். மேனுவல் என்றிருந்தால் மாற்றுங்கள். அலுவலகத்திலோ கல்லூரியிலோ போட்டுக்கொடுத்த எண் வீட்டில் வேலைக்கு ஆகாது. வி.பி.என்., ஆன்டிவைரஸ் போன்றவற்றை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதும் நல்லது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி துவக்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். கடைசி மருந்து நெட்வொர்க் ரீசெட். அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். எனவே பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஒரு நுணுக்கமான காரணமும் உண்டு. ஒவ்வொரு அடாப்டருக்கும் மேக் முகவரி என்று ஒரு அடையாள எண் இருக்கிறது. சில இடங்களில் இந்த எண் பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் ரவுட்டர் அனுமதிக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஃபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதல், போன்கள் தங்கள் உண்மை எண்ணை மறைத்து ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு எண்ணைக் காட்டுகின்றன. விண்டோஸிலும் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்ற பெயரில் இந்த வசதி உண்டு. வெளியிடங்களில் நம்மைப் பின்தொடராமல் இருக்க இது நல்லதுதான். ஆனால் பட்டியல் பார்க்கும் ரவுட்டரிடம் போனால் அந்நியராகிவிடுவோம். அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவிடலாம்.

எல்லாவற்றுக்கும் வராவிட்டால்

இனி ரவுட்டரைப் பார்க்க வேண்டும். அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அடுத்த வாரமும் அதே வேலைதான்.

பல வீடுகளில் மாடிக்குச் சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை ஒயர் போட்டுச் சேர்த்திருப்பார்கள். அதற்குள்ளும் முகவரி தரும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே துறைமுகத்துக்கு இரண்டு கட்டுப்பாட்டு அறை. யார் முந்துகிறாரோ அவர் எண்ணைக் கணினி வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. இரண்டாவது ரவுட்டரில் டி.எச்.சி.பி.-யை நிறுத்தி, அதன் சொந்த எண்ணை முதல் ரவுட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, ஒயரை லேன் துளையில் செருகினால் அது வெறும் சிக்னல் பெட்டியாக ஒழுங்காக வேலை செய்யும்.

எங்கள் மையத்தில் அது காரணமில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது கணினி தெரிந்தவர் அல்ல, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அஸர் தொழுதுவிட்டு மாடிக்கு வந்தவர் நாங்கள் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இந்தக் கோளாறு என்னிக்கு வருது, என்னிக்கு வரலேன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எழுதி வைத்திருக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்த ரசீது, வராதவர்களின் வருகைப் பதிவேடு, போனில் இருந்த புகார்ச் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தோம். எல்லாமே வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்.

பிறகு ரவுட்டருக்குள் போனோம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரியும் உள்நுழையும் பெயரும் இருக்கும். எங்களுடையது 192.168.1.1. பிரவுசரில் அதைத் தட்டினால் உள்ளே போகலாம். டி.எச்.சி.பி. பக்கத்தில் 100 முதல் 199 வரை என்று இருந்தது. அதாவது தருவதற்கு மொத்தமே நூறு முகவரிகள். வாடகைக் காலம் 1,440 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். பக்கத்திலேயே யார் யாருக்கு முகவரி தரப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். நூறும் நிரம்பியிருந்தன. எல்லாம் செல்போன்கள்.

ரமலானில் பயான் நேரலைக்காக வைஃபை பாஸ்வேர்டைப் பலருக்கும் கொடுத்திருந்தோம். போன்கள் அதை மறக்கவில்லை. மையத்துக்கும் கீழே பள்ளிவாசலுக்கும் ஒரே ரவுட்டர். ஜும்ஆவுக்கு வருபவர்களின் போன், சட்டைப் பையில் சைலன்ட்டில் இருந்தபடியே, உரிமையாளருக்குத் தெரியாமல் வைஃபையில் இணைந்து ஒரு முகவரியை வாங்கிக்கொள்ளும். தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். போகும்போது போன் அந்த முகவரியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சொல்லாமல் கிளம்பிய கப்பல் மாதிரி. தளம் காலியாகத்தான் கிடக்கும், ஆனால் பதிவேட்டில் மறுநாள் மதியம்வரை அதன் பெயரில் இருக்கும். எங்கள் மையத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை. புதன்கிழமை கணினிகள் வாங்கிய வாடகை வியாழனோடு தீர்ந்துவிடும். வெள்ளி காலையில் போட்ட கணினிகளுக்கு எண் கிடைத்துவிட்டது. மதியம் போட்டவற்றுக்கு எண்ணே மிச்சமில்லை. மறுநாள் மதியத்துக்கு மேல் வாடகைகள் தீர்ந்து தானாகச் சரியாகும். புது அடாப்டர் போட்ட மறுநாள் வேலை செய்தது அடாப்டரால் அல்ல, அன்று சனிக்கிழமை என்பதால்.

செய்த வேலை அரை மணி நேரம்தான். முகவரி வரம்பை 10 முதல் 250 வரை என்று விரித்தோம். நூறு 241 ஆனது. வாடகைக் காலத்தை 60 நிமிடமாகக் குறைத்தோம். இரண்டு மணிக்குப் போனவரின் எண் மூன்று மணிக்குள் காலியாகிவிடும். இதை ஐந்து, பத்து நிமிடம் என்று இன்னும் குறைக்கத் தேவையில்லை. எல்லாக் கருவிகளும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், ரவுட்டர் சற்றுத் தடுமாறினாலும் எல்லாருக்கும் இணைப்பு அறுந்துவிடும். பிறகு எட்டுக் கணினிகளுக்கும் 11 முதல் 18 வரையிலான எண்களை அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் நிரந்தரமாக ஒதுக்கினோம். ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியையும் எழுதி, அதற்கு நேராக எண்ணைக் கொடுக்க வேண்டும். கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று கொடுத்தால் பிசிக்கல் அட்ரஸ் என்ற பெயரில் மேக் முகவரி தெரியும். இப்படி ஒதுக்கிய கணினிகளில் எண்ணை மறைக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் ரவுட்டருக்கு அடையாளம் தெரியாது.

கணினியில் கையால் முகவரி போடுவதைவிட ரவுட்டரில் ஒதுக்குவது ஏன் நல்லது என்று ஒரு மாணவர் கேட்டார். கணினியில் போட்ட எண் அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், லேப்டாப்பை வேறிடம் கொண்டுபோனால் அங்கே முரண்டு பிடிக்கும். அந்த எண் ஒருவர் கையில் இருப்பது தெரியாமல் ரவுட்டர் அதையே இன்னொரு போனுக்குக் கொடுத்துவிடவும் வாய்ப்புண்டு. ரவுட்டரில் ஒதுக்கினால் பதிவேடு ஒரே இடத்தில் இருக்கும்.

முகவரிகளை எவ்வளவு கூட்டினாலும் சிறிய ரவுட்டரின் ரேடியோ ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான போன்களைச் சுமக்காது. ஆகவே பாஸ்வேர்டையும் மாற்றினோம். ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்து காரணத்தைச் சொன்னோம். யாரும் வருத்தப்படவில்லை. ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. அடியில் அச்சடித்த பழைய நுழைவுப் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் யாரும் உள்ளே போய் மாற்றலாம். அதையும் மாற்றி, தாளில் எழுதி, பொருளாளரின் பீரோவில் வைத்திருக்கிறோம்.

இப்போது ரவுட்டர் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. எந்தக் கணினிக்கு எந்த எண் என்று அதில் இருக்கிறது. கீழே ஒரு நோட்டு. கோளாறு வந்தால் நாள், நேரம், ஐபிகான்ஃபிக் காட்டிய எண், ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்ததா இல்லையா என்ற நாலையும் எழுதிய பிறகுதான் மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பெரியவர் வாரம் ஒருமுறை வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார்.

எண்ணூர் மாணவியின் வீட்டுக்கு நிர்வாகிகள் இருவர் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். இந்த ஆண்டுக்கான அவருடைய கல்லூரிக் கட்டணத்தை அறக்கட்டளையே ஏற்பது குறித்து அடுத்த கூட்டத்தில் பேசப்படும். அடுத்த முறை விண்ணப்பம் திறந்ததும் முதல் வாரத்திலேயே அவரை அழைக்கச் சொல்லி, அவருடைய எண்ணோடு அம்மாவின் எண்ணையும் வாங்கி வந்திருக்கிறார்கள்.